விசில் அடிக்கும் நத்தை!

குட்டீஸ், நீங்கள் லாரியைப் பார்த்திருப்பீர்கள். லாரி விசில் அடித்துக் கேட்டிருக்கிறீர்களா?

எங்கள் ஊர் சேந்தமங்கலம். நாமக்கல் பக்கத்தில்தான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊர் நாமக்கல். அதனால் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு லாரியின் சத்தம் தாலாட்டு மாதிரி! நின்றிருக்கும் லாரி கிளம்பும்போது காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்ததும், 'டர்ர்ர்' என்ற எஞ்சின் சத்தத்துக்கு உள்ளே இருந்து 'உய்ய்ய்ய்' என்று மெல்லிய விசில் ஒன்று எழும்பும். கியர் மாற்றும்போது அது அடங்கும். மறுபடி எழும்பும்.

அந்த விசில்தான் டர்போ.

போன மாதம் ஒருநாள் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்தான். ஏழாம் வகுப்பு படிக்கிறான்.

"வாத்தியார் தாத்தா, எங்கண்ணன் அவன் காருக்கு டர்போ மாட்டப் போறானுங்க! மாட்டுனா அது ரேஸ் கார் ஆயிருமாங்க?"

"ஆகாது கண்ணு" என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. "ஏனுங்க தாத்தா?" என்றான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளமான பதில். நான் முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியவன் ஆயிற்றே!

ஊதாங்குழல் தத்துவம்!

விறகு அடுப்பு எரியவில்லை என்றால் பாட்டி என்ன செய்வார்? ஊதாங்குழலை எடுத்து 'உஃப்' என்று ஊதுவார். தீ 'குப்' என்று பிடிக்கும். விறகு அதேதான். கூடுதலாகக் கிடைத்தது காற்று.

எஞ்சினும் ஓர் அடுப்புதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய, ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது பெரிய வேலையில்லை. அத்தனை காற்றை உள்ளே திணிப்பதுதான் கஷ்டம். சாதாரண எஞ்சின், தானே மூச்சை இழுத்து வருகிற காற்றை மட்டும் வைத்து வேலை செய்யும். டர்போ என்பது அதற்கு வைக்கும் ஊதாங்குழல்.

ஊதுவது யார்? அங்கேதான் வேடிக்கை. எஞ்சின் வெளியே விடும் புகையேதான்! சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகை, போகிற போக்கில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இரண்டு சக்கரங்களையும் மூடியிருக்கும் உலோக ஓடு, பார்க்க அச்சு அசல் நத்தை ஓடு மாதிரியே இருக்கும்.

அந்த நத்தை எவ்வளவு வேகமாகச் சுற்றும் தெரியுமா? உங்கள் வீட்டு மின்விசிறி நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று. டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்! சின்னக் கார்களின் டர்போ இரண்டு லட்சத்தையும் தாண்டும். விசில் வராமல் என்ன செய்யும்?

இந்த யோசனைக்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கியவர் ஆல்பிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். (பெயரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது!)

புகை விட்ட மஞ்சள் கெண்டி!

கார் பந்தயங்களிலேயே பெரியது பார்முலா ஒன். அதில் முதன்முதலில் டர்போ எஞ்சினோடு வந்த கார், பிரான்சின் ரெனோ. 1977ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தளம். மஞ்சள் நிறக் கார். மற்ற கார்களில் 3 லிட்டர் எஞ்சின். இதில் வெறும் 1.5 லிட்டர். பாதி அளவு எஞ்சினை வைத்துக்கொண்டு மற்றவர்களோடு மோத வந்துவிட்டது! ஆனால் பந்தயத்தை முடிக்கவில்லை. பழுதாகி நின்றது. பிறகு பல பந்தயங்களிலும் இதே கதை. வெள்ளை வெள்ளையாகப் புகை விட்டபடி நின்றுவிடும். 'மஞ்சள் டீ கெண்டி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

ரெனோக்காரர்கள் விடவில்லை. சூட்டைத் தாங்கும் வழிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். 1979 ஜூலை 1 அன்று, பிரான்சில் நடந்த போட்டியிலேயே, ஜான் பியர் ஜபூய் என்ற வீரர் ரெனோ டர்போ காரில் முதல் பரிசு வாங்கினார். கேலி செய்த குழுக்கள் எல்லாம் அடுத்த சில வருடங்களில் டர்போ தேடி ஓடின!

அந்தக் கெண்டி ஏன் புகைந்தது? சூடு. டர்போவுக்கு எப்போதும் பெரிய எதிரி சூடுதான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சைக்கிள் டியூபுக்குக் கைப்பம்பில் வேகவேகமாக ஐம்பது முறை காற்றடியுங்கள். பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும்! காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான காற்று விரிந்துவிடும். எஞ்சினுக்குள் கொஞ்சமாகத்தான் அடங்கும். அதனால் டர்போ அழுத்திய காற்றை ஆற வைத்து அனுப்ப, இன்டர்கூலர் என்ற ஒரு பெட்டி வேண்டும். லாரியின் முன்பக்கம் ரேடியேட்டரோடு சேர்ந்து இருக்கும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சூடான பாலை டம்ளருக்கும் டபராவுக்கும் மாற்றி மாற்றி ஆற்றுவது போல!

புகை படும் பக்கமோ, பெட்ரோல் எஞ்சினில் 900 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். பந்தயக் காரில் இருட்டில் பார்த்தால் நத்தை செக்கச்செவேல் என்று மின்னும். அதன் அச்சு, எண்ணெயின் மெல்லிய படலத்தில் மிதந்தபடி சுற்றுகிறது. எஞ்சினைச் சட்டென நிறுத்தினால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். அங்கே தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகிவிடும். பழகிய லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிடம் சும்மா ஓட விடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? டர்போ ஆறட்டும் என்றுதான்.

ஒரு குடும்பக் கார் பந்தயத்துக்குப் போகிறது

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு 'அமியோ கோப்பை' என்ற பந்தயம் தொடங்கியது. போக்ஸ்வாகன் நிறுவனத்தின் அமியோ, அம்மா அப்பாவோடு கோயிலுக்குப் போகிற சாதாரணக் கார். கடையில் விற்ற பெட்ரோல் அமியோவின் சக்தி, சுமார் 75 குதிரைத் திறன். அதன் பந்தய வடிவத்தில் 1.8 லிட்டர் டர்போ எஞ்சின் வைத்தார்கள். 205 குதிரைத் திறன்! சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்திலும் இந்தக் கார்கள் சீறின. இதற்கு முன்பு 2010இல் இதே நிறுவனம் நடத்திய போலோ கோப்பையில் ஓடியவை டீசல் டர்போ கார்கள். ஆமாம், லாரி குடிக்கும் அதே டீசல்தான்!

"அப்போ எஞ்சினை மாத்துனா போதும்தானுங்களே?" என்றான் நம்ம பையன்.

அவசரப்படாதே என்றேன். ஒரு காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும்போது முதலில் நடப்பது என்ன தெரியுமா? காலி செய்வது! பின் சீட்டு, ஏ.சி., பாட்டுப் பெட்டி, தரை விரிப்பு, கதவின் உள் அட்டை என்று எல்லாம் வெளியே வந்துவிடும். கடைசியில் வெறும் தகரக் கூடு நிற்கும். எடை குறைந்தால் கிளம்புவதும் சுலபம், திரும்புவதும் சுலபம், நிற்பதும் சுலபம்.

அந்தக் கூட்டுக்குள் கனமான எஃகுக் குழாய்களை வளைத்து, பற்ற வைத்து, பறவைக் கூண்டு போல ஒன்றைக் கட்டுவார்கள். கார் குட்டிக்கரணம் அடித்தாலும் கூரை நசுங்காமல் காப்பது அதுதான். கூண்டுக்குள் ஒரே ஒரு சீட்டு. தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் ஆறு முனைப் பட்டை. கை எட்டும் இடத்தில் தீயணைக்கும் கருவி. கதவு ஓரம் ஒரு வலை. கவிழ்ந்தால் கை வெளியே போய்விடக் கூடாது அல்லவா?

ஸ்பிரிங்குகள் மாறும். கார் தரையோடு படுத்தாற்போல் தாழும். டயரில் கோடே இருக்காது, மொட்டையாக இருக்கும்! கோடுகள் மழைத்தண்ணீரை வெளியேற்றத்தான். காய்ந்த தளத்தில் மொட்டை டயர் கூடுதல் பிடிப்பு தரும். மழை வந்தால் ஓடிப் போய்க் கோடு போட்ட டயருக்கு மாற்றுவார்கள்.

கொல்லிமலையில் கொதித்தது எது?

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது பிரேக். அதற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் படித்த ஒரு மாணவர் சம்பந்தப்பட்டது. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

அவரிடம் டீசல் டர்போ கார் ஒன்று இருந்தது. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்து, எஞ்சினின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி, டர்போ கூடுதலாக ஊதும்படி செய்துவிட்டார். கார் பறந்தது. ஓர் ஆடி மாதம், இரண்டு நண்பர்களோடு கொல்லிமலைக்குப் போனார். எங்கள் ஊரிலிருந்து காரவள்ளி போய் ஏறினால், 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஏறும்போது எல்லாம் குஷிதான். புதுச் சக்தியில் லாரி, பஸ் எல்லாவற்றையும் முந்தினார்.

இறங்கும்போது அதே வேகம். வளைவுக்கு வளைவு ஆக்சிலேட்டரை மிதிப்பது, பிரேக்கை மிதிப்பது. பாதி மலை இறங்கியபோது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தார். தரையைத் தொட்டது. கார் நிற்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. நல்லவேளை, மலைப்பக்கம் ஒடித்துவிட்டார். நண்பர்களுக்குச் சிராய்ப்பு. அவருக்குக் காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. ஆறு மாதம் படுக்கை.

பிரேக் ஒயர் அறுந்ததா? இல்லை. எண்ணெய் ஒழுகியதா? அதுவும் இல்லை. மறுநாள் பார்த்தால் பிரேக் சரியாகப் பிடித்தது! ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "எப்படிங்க சார்?" என்று என்னிடம் கேட்டார்.

வீட்டில் ஊசி இல்லாத சிரிஞ்ச் இருந்தால் எடுங்கள். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்துங்கள். அசையாது. இப்போது தண்ணீருக்குப் பதில் பாதிக்குக் காற்று விட்டு அழுத்துங்கள். உள்ளே போகும்! பிரேக் எண்ணெய் நம் கால் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது தண்ணீர் மாதிரி அசையாமல் இருப்பதால்தான். அது கொதித்துவிட்டால் உள்ளே ஆவிக் குமிழிகள் உண்டாகும். நம் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஆறிய பிறகு குமிழி மறையும். பிரேக் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வேலை செய்யும்.

எவ்வளவு சூடு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,200 கிலோ எடையுள்ள கார், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. அந்த ஆற்றல் முழுவதும் சூடாக மாறினால் சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரலாம். கிட்டத்தட்ட மூன்று குடம்! 'ஏறின கியரிலேயே இறங்கு' என்று பெரிய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். சின்ன கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு வேலை குறையும்.

இன்னொரு விஷயம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். 'டாட் 4' என்ற வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால்? 155 டிகிரியே போதும் என்று விதியே ஒத்துக்கொள்கிறது! அந்த மாணவர் டர்போவுக்குச் செலவு செய்தார். பிரேக் எண்ணெயை மாற்றி நான்கு வருடம் ஆகியிருந்ததாம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்று கரும்பலகையில் படம் போட்டு அவருக்குச் சொன்னவன் நான்தான். அந்தப் பரீட்சையில் அவர் நல்ல மார்க்கும் வாங்கினார்.

இப்போது பந்தயத் தளத்துக்கு வாருங்கள். 1,100 கிலோ எடையுள்ள கார், 200 கி.மீ. வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் 80 கி.மீ.க்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கைந்து நொடிக்குள், ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு பிரேக்கில் இறங்குகிறது. ஒரு சுற்றில் இப்படிப் பல வளைவுகள். ஒரு பந்தயத்தில் பல சுற்றுகள். அதனால்தான் பெரிய தட்டுகள், சூடு தாங்கும் பிரேக் கட்டைகள், முன்பக்கக் காற்றை நேராகச் சக்கரத்துக்குக் கொண்டு வரும் குழாய்கள் எல்லாம் பொருத்துகிறார்கள். நல்ல குழுக்கள் பிரேக் எண்ணெயை அடிக்கடி மாற்றிவிடுவார்கள்.

கழுத்தைக் காத்த மைத்துனர்கள்

கூண்டும் பட்டையும் உடம்பைப் பிடித்துக்கொள்ளும். தலையை? கார் சுவரில் மோதி நின்றால், ஹெல்மெட் போட்ட தலை மட்டும் முன்னால் பாயும். மண்டை ஓட்டின் அடிப்பகுதி உடையும். அமெரிக்காவின் ஜிம் டவுனிங் என்ற பந்தய வீரர் இதைத் தன் மைத்துனர் ராபர்ட் ஹப்பார்டிடம் சொன்னார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1980களில் இருவரும் சேர்ந்து ஒரு கருவி செய்தார்கள். தோளில் மாட்டும் காலர் மாதிரி. ஹெல்மெட்டை அதோடு வாரால் இணைத்துவிட வேண்டும். 'ஹான்ஸ்' என்று பெயர்.

பல வீரர்கள், "கழுத்தை அசைக்க முடியவில்லை" என்று ஒதுக்கினார்கள். 2001 பிப்ரவரி 18 அன்று, டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் புகழ்பெற்ற வீரர் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். மண்டை ஓட்டின் அடிப்பகுதி முறிவு. அவர் ஹான்ஸ் அணிந்திருக்கவில்லை. 2003 முதல் பார்முலா ஒன் பந்தயத்தில் அது கட்டாயம் ஆனது.

கோவையின் கரி

தமிழ்நாட்டில் பந்தயக் கார் என்றால் கோவை கரிவரதனைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தக் காலத்தில் பந்தயங்கள் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தன. வெளிநாட்டுக் கார் வாங்க வசதி உள்ளவர்களுக்கே பரிசு! கரி என்ன செய்தார்? வீதியில் ஓடிய மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்தார். 1988இல் 'பார்முலா மாருதி' பிறந்தது. டர்போ கிடையாது. 796 சி.சி. குட்டி எஞ்சின்தான். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார் என்பதால், ஓட்டும் திறமைக்கே பரிசு. அந்தக் காரில் பந்தயம் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005இல் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

கரி அதைப் பார்க்கவில்லை. 1995இல் சிறுவிமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த பந்தயத் தளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிடித்த செய்தி வேறு. லாரிக்கும் பந்தயம் உண்டு! 2014இல் டில்லி அருகே கிரேட்டர் நொய்டா தளத்தில் டாடா பிரைமா லாரிகள் போட்டியிட்டன. முதலில் ஓட்டியவர்கள் வெளிநாட்டு வீரர்கள். 2016இல் நம் நாட்டு லாரி டிரைவர்களுக்கே பயிற்சி கொடுத்து இறக்கினார்கள். ஐரோப்பாவில் ஓடும் சில பந்தய லாரிகளின் சக்தி ஆயிரம் குதிரைத் திறனைத் தாண்டும். ஆனாலும் 160 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பிரேக் சூட்டை ஆற்ற, சுமார் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைச் சுமந்துகொண்டே ஓடுகின்றன!

இதெல்லாம் பந்தயத் தளத்தில். தெருவில் ஓடும் வண்டியில், நிறுவனம் செய்து கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பந்தயக் காரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக மாட்டார்கள். வேறொரு வண்டியில் ஏற்றித்தான் தளத்துக்குக் கொண்டு போவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணனே காரோடு வந்துவிட்டார். தம்பி எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான். "ஏனுங்க சார், பிரேக் ஆயில் எங்கிங்க இருக்குது?" என்றார். பானட்டைத் திறந்து சின்ன டப்பாவைக் காட்டினேன். பையன் எட்டிப் பார்த்தான்.

"தாத்தா, கருப்பட்டிக் காபி மாதிரி இருக்குதுங்க!"

வாங்கிய நாளிலிருந்து மாற்றவில்லையாம். அன்று சாயங்காலமே கார் பட்டறைக்குப் போனது. டர்போவுக்கு எடுத்து வைத்த பணத்தில் நாலு டயரும் மாற்றியாயிற்று. மீதிப் பணத்தில் செட்டிபாளையம் போய்ப் பந்தயம் பார்க்கப் போகிறார்களாம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். காதில் வைக்கப் பஞ்சு எடுத்து வைத்துவிட்டேன்!